மைக்கக்கா கட்டிய அடுப்படி

அடுப்படி கட்டுவதற்காகப் பக்கத்து வீட்டுக்காரனை நிறுத்தி வெங்காயம் நறுக்கச் சொன்ன ஒரே மனுஷி, தேனி ஜில்லாவிலேயே எங்கள் மைக்கக்காதான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நான்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அக்கா சூப்பர்வைசர். "காயப் பாத்துப் பறிங்கடி!" என்று அவர் குரல் கொடுத்தால், எதிர்ச்சரிவில் வேறு தோட்டத்து ஆட்களும் பயந்துபோய்ப் பார்த்துப் பறிப்பார்கள். மைக்கே வேண்டாத குரல்; அப்படி வந்த பேர். வீட்டுக்காரர் ராசு அண்ணன் முன்னறையில் உரக்கடை வைத்திருந்தார். எங்கள் தெருவில் அவர் உயரத்துக்கு வளர்ந்தவன் நான் ஒருத்தன்தான். ஆனால் அவர் எப்போதும் கொஞ்சம் கூனியே நடப்பார். அடக்கமான மனுஷன் என்று நினைத்திருந்தோம்.

போன வருஷம் அக்கா பழைய அடுப்படியை இடித்துவிட்டு மதுரையிலிருந்து டிசைனரை வரவழைத்தார். கறுப்பு கிரானைட், சிம்னி, சத்தமில்லாமல் மூடும் டிராயர் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. ஒருநாள் அண்ணன் உர லோடோடு தேவாரம் போன நேரம் பார்த்து எனக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, வெரசா வா. ஒரு சோலி இருக்கு."

போனால், செங்கல் அடுக்கி மேலே ஒரு பலகை. கையில் கத்தியைக் கொடுத்தார்.

"வெங்காயம் நறுக்கு."

"நானாக்கா?"

"ஒன்னயத்தான். முதுகு வளையுதான்னு பாக்கணும்."

வளைந்தது. ஒரு வரிசை கல் ஏற்றினார். மறுபடி நறுக்கினேன். இன்னொரு வரிசை. எனக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓட, "இப்பத்தான் நிமிந்து நிக்கிறான். இதான் அளவு!" என்று முழங்கினார்.

பக்கத்தில் நின்ற டிசைனர் மிரண்டுபோய், "மேடம், உங்களுக்கு எட்டாதே?" என்றார்.

"எட்டணும்னு நான் சொன்னனா?"

எதற்கு என்று கேட்டதற்கு, நறுக்கிய வெங்காயத்தைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். என்னைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளப் போகிறாரோ என்று ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

பால் காய்ச்சுகிற அன்றைக்குப் பெண்கள் உள்ளே போய்ப் பார்த்தால், மேடை நெஞ்சுக்கு நிற்கிறது. சிலமலையிலிருந்து வந்த நாத்தனார்தான் ஆரம்பித்தார்.

"அளவு தப்பிருச்சே மதினி! ஸ்டூல் போட்டு ஏறித்தான் ஆக்குவீகளா?"

ஒரே சிரிப்பு. அண்ணனுக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. கதவோரம் நின்று, சொல்லாதே என்று அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அளவு தப்பல," என்றார் அக்கா. "எனக்கு வெந்நி வைக்கத்தான் தெரியும். கல்யாணமான நாள்லருந்து ஆக்கிப் போடுறது ஒங்கண்ணன். யாரும் பாத்துறக் கூடாதுன்னு சன்னலச் சாத்திக்கிட்டு, பள்ளமாக் கெடந்த பழைய மேடையில குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு மனுசனுக்கு."

சிரிப்பு நின்றது. அண்ணன் தரையைப் பார்த்தார். நாத்தனார் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப பொங்கலுக்குக் குடுத்துவிட்ட கறிக்கொழம்பு?"

"நாந்தான்."

"அடப்பாவி அண்ணே! மதினிட்ட கேட்டுக் கேட்டு நான் ஓஞ்சு போனேன். அதுல என்னதான் போட்ட?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வா, சொல்றேன்" என்று மேடைக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தார். அவருடைய முழு உயரத்தையும் அன்றைக்குத்தான் நாங்கள் பார்த்தோம்.

பால் பொங்கியது. எல்லோரும் சட்டியைப் பார்த்தோம். அக்கா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் நான் பயந்து பயந்து பேசிய அந்த அக்காவை, எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.