துக்க மண்டபத்தில் பர்ஹாமின் தேநீர்

மதிப்பிற்குரிய மஹ்லகா அக்காவுக்கு,

ரஷ்திலிருந்து தம்பி எஸ்ஃபந்தியார் நெஞ்சில் கை வைத்து எழுதுவது. ஷிராஸில் நீங்களும் அத்தானும் சௌக்கியமாக இருக்கவேண்டும். இங்கே மழையும் ஓயவில்லை, நானும் ஓயவில்லை.

பர்ஹாமுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன் அல்லவா. என் மகன் எதையும் கற்றுக்கொள்ள நாளாகும், கற்றதை விடவும் மாட்டான், உங்களுக்குத் தெரியாததா. இருபத்தெட்டு வயதில் முதல் வேலை. துக்க மண்டபத்துக்கு வருகிறவர்களுக்குத் தேநீரும் பேரீச்சம்பழமும் நீட்டவேண்டும். பயிற்சி நிலையத்து தஹ்மினே டீச்சர் கூடவே நின்று பழக்கினார். தட்டைப் பிடிப்பது, குனிவது, எல்லாம் சரியாக வந்துவிட்டது. "ஒருத்தர் வேண்டாம்னா விட்டுடணும், பர்ஹாம்" என்றும் சொல்லிவைத்தார். நம்ம ஊரில் எவன் அக்கா முதல் தடவையே வேணும் என்கிறான்? "ஐயோ, உங்களுக்கெதுக்கு சிரமம், வேண்டாம்" என்பார்கள், நாம் கெஞ்சவேண்டும், மறுபடி வேண்டாம் என்பார்கள், இன்னும் கெஞ்சினால்தான் கை நீளும். இவன் முதல் வேண்டாமுக்கே "சரிங்க" என்று நகர்ந்துவிடுகிறான். மண்டபமே தொண்டை வறண்டு உட்கார்ந்திருக்கிறது, தட்டு நிறைந்தபடியே அடுப்படிக்குத் திரும்புகிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பின்வரிசையில் நான் இருந்தேனே. இவன் வேலைக்குப் போனதிலிருந்து, செத்தது யாரென்றே தெரியாமல் தினமும் போய் உட்கார்ந்து அழுகிறேன். பிள்ளையைப் பார்த்தால் அழுகை தானாக வருகிறது, நடிக்கவேண்டியதே இல்லை. நேற்று செத்தவர் ஓர் அம்மாள். அவருடைய மகன் வந்து, "எங்கம்மாவுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டான். இன்னும் பலமாக அழுதேன். அந்த அம்மாளின் கணவர், வயதான பெரியவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் மகன் நல்லவன், என்னைக் கட்டிப்பிடித்து, வருகிறவர்களுக்குக் கைகொடுக்கும் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டான். அந்த நேரம் பார்த்து பர்ஹாம் வந்து பெரியவரிடம் தட்டை நீட்டினான். "வேண்டாம்ப்பா" என்றார். "சரிங்க" என்று திரும்பிவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், கெஞ்சுடா! இன்னொரு தடவை கேளுடா!" என்று கத்தியே விட்டேன். குர்ஆன் ஓதுகிறவர் நிறுத்திவிட்டார். "அப்பா, அவர்தான் வேண்டாம்னுட்டாரேப்பா" என்றான் இவன், ஊருக்கே கேட்கும்படி. மண்டபக்காரர் நவ்சரி என் கையைப் பிடித்து மழையில் கொண்டுவந்து விட்டு, "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று கதவைச் சாத்தினார்.

அவ்வளவுதான், வேலை போச்சு. பாழாய்ப்போன என் வாயால் போச்சு. சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறவனிடம், இனி வராதே என்று எவனோ சொல்வதற்கு முன் நானே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிடுகிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து அவனைக் கொஞ்ச நாள் அழைத்துப்போங்கள். என்னால் அவன் முகத்தைப் பார்க்கமுடியவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் என் சலாம், குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் தம்பி,
எஸ்ஃபந்தியார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நவ்சரி வீட்டுக்கே வந்துவிட்டார். அந்தப் பெரியவர் அவரிடம் சொன்னாராம்: "காலையிலேருந்து ஆளாளுக்கு சாப்பிடு, குடி, அழாதேன்னு திணிச்சாங்க. நான் வேண்டாம்னு சொன்னதைக் காதுல வாங்கினது அந்தப் பையன் ஒருத்தன்தான்." மற்றவர்களிடம் மறுபடி கேட்க டீச்சர் பழக்கிவிடுவாராம். "பர்ஹாம் நாளைக்குக் கண்டிப்பா வரணும். நீங்கதான் வரவே கூடாது" என்றார் நவ்சரி. பர்ஹாமும் தலையை ஆட்டினான். அதனால் நீங்கள் வரவேண்டாம் அக்கா. உபசாரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வேண்டாம்.