ஆறாவது பெயர்

உலகத்தில் மூன்று பாவங்களுக்கு மன்னிப்பே கிடையாது என்று இயற்பியல் துறையின் ஒப்பந்த விரிவுரையாளர் அன்று காலை ஆசிரியர் அறையில் அறிவித்தார்.

"பச்சைக் குழந்தையைக் கொல்றது. குடிக்கிற தண்ணியில விஷம் கலக்கிறது. தான் எழுதாத ஆராய்ச்சிக் கட்டுரையில தன் பேரைப் போட்டுக்கறது. முதல் ரெண்டுக்காவது ஏதாவது காரணம் இருக்கும்."

மாணவர்கள் அவருக்குக் 'கறார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆசிரியர்களும் அப்படியே அழைத்தார்கள். ஒப்பந்தக்காரரின் சொந்தப் பெயரை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. அடுத்த வருஷம் இருப்பாரோ மாட்டாரோ.

எதிரே அமர்ந்திருந்த சூழலியல் மேடம் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். போன வருஷம் வந்த கடல்பாசிக் கட்டுரை ஒன்றில் அவர் ஐந்தாவது ஆசிரியர். அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படத்தில் பார்த்தாலே தலை சுற்றும்.

"அந்தக் கட்டுரையில எனக்கு 'ஒட்டுமொத்த வழிகாட்டுதல்'னு போட்டிருந்தாங்க," என்றார் மேடம் குளிர்ந்த குரலில்.

"ஒட்டுமொத்த வழிகாட்டுதல்னா ஒண்ணுமே பண்ணலைன்னு அர்த்தம் மேடம்."

பிஸ்கட் உடைந்து டீக்குள் மூழ்கியது. மேடம் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ரொம்ப நல்லாப் பேசறீங்க. ஆமா, காலங்காத்தால என்ன வேணும்னு வந்தீங்க?"

கறாருக்கு வெப்பக் கேமரா வேண்டியிருந்தது. கல்லூரியில் இருந்த ஒரே வெப்பக் கேமரா மேடத்தின் அலமாரியில், மேடத்தின் பூட்டுக்குள் இருந்தது.

விஷயம் இதுதான். கறார் குடியிருந்தது ஒரு மொட்டை மாடி அறையில். பகலில் அந்த அறைக்கும் அடுப்புக்கும் இருந்த ஒரே வித்தியாசம், அடுப்பை அணைக்கலாம். எட்டு மாதக் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கல்லூரி வளாகத்துக்குள் மரநிழலில் ஆசிரியர் குடியிருப்பு இருந்தது. ஆனால் அது நிரந்தர ஆசிரியர்களுக்கு மட்டும். நிரந்தரமாக வேண்டுமானால், வருகிற நேர்காணலுக்குள் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். கட்டுரை இல்லாதவர்களுடைய ஒப்பந்தம் அத்துடன் முடியும் என்று புது விதி.

குழந்தையின் வேர்க்குருவையும் கல்லூரியின் விதியையும் ஒரே கல்லில் அடிக்கக் கறார் வழி கண்டுபிடித்திருந்தார். கேன்டீனில் தூக்கிப்போடும் முட்டை ஓட்டை நைசாக அரைத்து, பசையில் கலந்து கூரைக்குப் பூசினால், வெயிலை அது வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். தன் வீட்டுக் கூரையில் பூசிப் பார்த்தார். நன்றாகவே குளிர்ந்தது. குளிர்ந்ததைப் படம் பிடித்துக் காட்டத்தான் கேமரா.

"கேமராவைத் தாராளமா எடுத்துக்குங்க," என்றார் மேடம். "என் பேரை மட்டும் சேர்த்துடுங்க."

"மேடம், இப்பத்தானே..."

"நீங்க சொன்னதைக் கேட்டேன். நான் யாரையும் கொல்லலையே."

கறார் அன்று முழுவதும் யோசித்தார். கேமரா மேடத்துடையது. படமும் ஒரு வகையில் அவருடையதுதான். இது பாவத்தில் சேராது, வாடகையில் சேரும் என்று முடிவுசெய்து பெயரைச் சேர்த்தார்.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினார். ஒரு வீட்டுக் கூரை போதாது, பெரிய கட்டடம் ஒன்றில் செய்து காட்டவும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

"பெரிய கட்டடம்னா எவ்வளவு ஓடு?" என்றாள் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை. அறைக்கு வெளியே மொட்டை மாடி முழுக்க முட்டை ஓடு காய்ந்துகொண்டிருந்தது. காக்கைகள் குடும்பத்தோடு வந்திருந்தன.

"ஒரு இருபது மூட்டை."

"ஊரே முட்டையைத் தின்னுட்டு ஓட்டை நம்ம வீட்டுக்கு அனுப்புது. கல்யாணத்துக்கு எங்க அப்பா வாங்கிக் கொடுத்த மிக்ஸிங்க அது. போன வாரமே புகை வந்துச்சு."

"நிரந்தரமானா புதுசு வாங்கிடலாம்."

"அதுக்குள்ள நான் நிரந்தரமாப் போயிடுவேன்," என்று சொல்லிவிட்டுக் குழந்தையை அவரிடம் நீட்டினாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அடுத்த மூட்டையைப் பிரித்தாள். அன்றிரவே மிக்ஸி செத்தது. அண்டை வீட்டில் கடன் வாங்கிய மிக்ஸி அதற்கடுத்த வாரம் செத்தது. அண்டை வீட்டாருடனான பேச்சுவார்த்தை அதற்கும் அடுத்த நாள் செத்தது.

கல்லூரியிலேயே பெரிய மொட்டை மாடி பொறியியல் துறையுடையது. சாவி துறையின் மூத்த பேராசிரியருடைய சட்டைப் பையில்.

"மாடி எங்க துறையோடது தம்பி. மாடியில அடிக்கிற வெயிலும் எங்க துறையோடது."

"வெயில் எப்படி சார் உங்களோடதாகும்?"

"விழற வரைக்கும் பொது. விழுந்ததுக்கப்புறம் எங்களோடது. என் பேரைப் போடு, நீயும் அனுபவிச்சுக்கோ."

மூன்றாவது பெயர் சேர்ந்தது. கறார் தனியாளாக இருபது மூட்டைத் தூளையும் கலக்கி, பத்து நாள் மாடியில் நின்று பூசினார். முதுகு உரிந்தது. மாடிக்குக் கீழே வகுப்பறைகள் குளிர்ந்தன. மாணவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஆய்விதழ் இப்போது செலவுக் கணக்கு கேட்டது. வணிகவியல் துறைப் பேராசிரியர், கேட்காமலே தன் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்கினார். இரண்டே நாளில் முடித்தும் கொடுத்தார்.

"தம்பி, உன் பூச்சு சலவைக்கல்லை விட விலை ஜாஸ்தியா வருதே."

கறார் கணக்கைப் பார்த்தார். "சார், நீங்க முட்டை விலையைப் போட்டிருக்கீங்க. நாம எடுக்கிறது வெறும் ஓடுதானே?"

"அப்போ உள்ளே இருக்கிறது?"

"பசங்க தின்னுடறாங்க."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா அவங்களைப் பயனாளிகள்னு காட்டிடலாம். கட்டுரை எங்கேயோ போயிடும்!"

உண்மையிலேயே எங்கேயோ போய்விட்டது. ஏற்கலாம், வெளியீட்டுக் கட்டணம் செலுத்தவும் என்று பதில் வந்தது. கட்டணத்தைக் கல்லூரி கட்டும். ஆனால் இயற்பியல் துறைத் தலைவர் பரிந்துரைக்க வேண்டும், முதல்வர் ஒப்புதல் தர வேண்டும்.

துறைத் தலைவர் இனிமையானவர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். கடிக்க வேண்டிய வேலையை விதிகளிடம் விட்டிருந்தார்.

"என் பேர் இல்லாத கட்டுரைக்கு நானே பரிந்துரை பண்ணினா பாரபட்சம்னு சொல்லுவாங்க தம்பி."

"பேர் இருந்தாத்தானே சார் பாரபட்சம்?"

"நீ சின்னப் பையன். அனுபவம் வந்தாப் புரியும்."

ஐந்தாவது பெயர் அவருடையது. முதல்வர் ஆறாவது. இரண்டையும் போட்டுவிட்டுக் கறார் வீட்டுக்குப் போய், "அவ்வளவுதான், இனிமே சேர்க்கறதுக்குக் கல்லூரியில ஆளே இல்லை," என்றார். காவலாளி மட்டும்தான் பாக்கி என்றாள் மனைவி.

காவலாளி பெருந்தன்மையானவர், கேட்கவில்லை. முதல்வரின் மகள் கேட்டாள். அவள் எங்கோ ஆராய்ச்சி மாணவி. தலைப்பு மேகம் பற்றியது.

துறைத் தலைவர் கறாரை அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் ஒப்பந்தக்காரர்களை உட்காரச் சொல்வது கெட்ட செய்திக்கு மட்டும்.

"ஒரு சின்னச் சிக்கல் தம்பி. ஆய்விதழோட இணையதளத்துல ஆறு பேருக்குத்தான் இடம். ஏழாவது பேரைப் போட்டா எடுத்துக்க மாட்டேங்குது."

"அப்போ அந்தப் பொண்ணை அடுத்த கட்டுரையில..."

"முதல்வர் பொண்ணுகிட்ட போய் அப்படிச் சொல்ல முடியுமா? ஒவ்வொருத்தராப் பார்த்துட்டேன். கேமரா இல்லாம முடியாது. மாடி இல்லாம முடியாது. கணக்கு இல்லாம முடியாது. நானும் முதல்வரும் இல்லாம பணம் கிடையாது." அவர் வருத்தத்தோடு கையை விரித்தார். "யார் இல்லாம முடியும்னு பார்த்தா, நீதான்பா மிச்சம். எழுதற வேலை முடிஞ்சு போச்சே."

கறார் எழுந்தார். காது மடல் சிவந்தது. "நான் எழுதினது சார்! என் பொண்டாட்டி அரைச்சது! என் பேர் இல்லைன்னா அந்தக் கட்டுரையே வேண்டாம். தூக்கிக் குப்பையில போடுங்க!"

"சரிப்பா, விட்டுடலாம்," என்றார் தலைவர் உடனே. அவ்வளவு சீக்கிரம் அவர் எதையும் ஒப்புக்கொண்டதாகக் கல்லூரி வரலாற்றில் இல்லை.

வீட்டுக்கு வந்து கறார் நடந்ததைச் சொன்னார். மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குழந்தையின் முதுகில் பவுடர் போட்டுக்கொண்டே, "நல்லாக் கேட்டீங்க," என்றாள். "அந்த மட்டுக்கும் ரோஷம் இருக்கே." சற்றுப் பொறுத்து, "வீட்டுக்காரர் கூரையைப் பழையபடி மாத்தச் சொல்றார். கண்ணு கூசுதாம்," என்றாள்.

வீட்டுக்காரரே ஆள் வைத்துச் சுரண்டினார். அறை மறுபடியும் அடுப்பானது. குழந்தை ராத்திரியெல்லாம் அழுதது. நேர்காணல் நெருங்கியது. கறார் புதுக் கட்டுரை எழுதத் தொடங்கி, முதல் பத்தியில் நின்றார். மனைவி மருந்துக்கடையில் இருந்து வேர்க்குருப் பவுடரைச் சலுகை விலையில் வாங்கி வந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

நேர்காணலுக்கு முந்தின வாரம் துறைத் தலைவர் மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் உட்காரச் சொன்னார்.

"தம்பி, உன் நிலைமையை நினைச்சா எனக்குத் தூக்கம் வரலை. கைக்குழந்தைக்காரன். உனக்காக ஒரு இடத்துல பேசி வச்சிருக்கேன்."

"என்ன இடம் சார்?"

"ஒரு கட்டுரை. ஏத்துக்கிட்டாங்க, வரப்போகுது. ஒரு ஆளுக்கு இதைவிடப் பெரிய இதழ்ல வாய்ப்பு வந்து விலகிட்டாங்க. ஆறாவது இடம் காலி."

சுவரில் பல்லி ஒன்று பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எதைப் பத்தி சார்?"

"பொதுவா... வணிகம், சுற்றுச்சூழல். எல்லாம் கலந்தது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீ சம்மதம் கொடுக்கணும், இல்லைன்னா வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்கார்."

"படிச்சுட்டு..."

"படிச்சா சந்தேகம் வரும் தம்பி."

அன்று மாலை ஆளில்லாத ஆய்வகத்தில் கறார் கணினியைத் திறந்தார். கதவை உள்பக்கம் தாழிட்டார். தலைப்பு வந்தது: 'நீடித்த வட்டப் பொருளாதாரத்தை நோக்கி: கழிவுசார் மதிப்புருவாக்கத்தின் பல்துறை இடைமுகங்கள்.' மூன்று முறை படித்தார். அது பயிரைப் பற்றியதா, பாலத்தைப் பற்றியதா என்று பிடிபடவில்லை. கீழே முழுக் கட்டுரைக்கான இணைப்பு இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. படித்தால் தப்பு கண்ணில் படும். கண்ணில் பட்டால் கை ஓடாது. ஆகவே படிக்காமல் இருப்பதுதான் நேர்மை என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். 'இறுதி வடிவத்தை முழுமையாகப் படித்து ஒப்புதல் அளிக்கிறேன்' என்ற கட்டத்தில் சத்தமில்லாமல் ஒரு டிக் அடித்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "கட்டுரை வந்துடுச்சாமே? எதைப் பத்திங்க?"

"வணிகம்."

"நம்ம முட்டை ஓடு?"

"அது செத்துப் போச்சு. விடு."

அவள் வெறுமனே தலையாட்டினாள். அவருடைய சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டாள்.

நேர்காணல் அறையில் மூவர் இருந்தார்கள். முதல்வர், துறைத் தலைவர், வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த வல்லுநர் அம்மாள் ஒருவர். அந்த அம்மாள் கண்ணை மூடியிருந்தார். வந்ததில் இருந்தே தூங்குகிறார் என்று வெளியே வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

"கட்டுரை ஒண்ணு இருக்கு," என்றார் முதல்வர் கோப்பைப் புரட்டி. "நல்லது. வேற என்ன?"

"கடுமையான உழைப்பாளி," என்றார் தலைவர் கறாரைப் பார்த்து வாஞ்சையோடு. "நான் பார்த்து வளர்ந்த பையன்."

முதல்வர் பேனாவைத் திறந்தார். குடியிருப்பின் மரநிழல் கறாரின் கண்ணில் அசைந்தது. அப்போது வல்லுநர் அம்மாள் கண்ணைத் திறந்தார்.

"இந்தக் கட்டுரையில உங்க பங்கு என்ன?"

கறார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். குரல் சிறிதும் நடுங்கவில்லை.

"ஒட்டுமொத்த வழிகாட்டுதல் மேடம். கைவேலையெல்லாம் மத்தவங்க பார்த்துக்கிட்டாங்க."

"அப்படியா." அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தை எடுத்தார். "காலையில வண்டியில வரும்போது கடைசி வரி வரைக்கும் படிச்சேன். 'இருபது மூட்டை முட்டை ஓட்டையும் அரைச்சு, ரெண்டு மிக்ஸியைப் பறிகொடுத்த என் மனைவிக்கு நன்றி'ன்னு போட்டிருக்கு. ஆறு பேர் இருக்கீங்களே, அது யாரோட மனைவி?"