மாமியாருக்கு ஒரு சீட்

"இந்தப் பழைய வண்டி எதுக்குடா திடீர்னு?" என்று மெத்தைக்கடை முதலாளி கேட்டார். கடை வாசலில் குந்தி உட்கார்ந்து வண்டியின் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த விற்பனையாளன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"மாமியாருக்கு முதுகு வலி, முதலாளி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

உண்மை வேறு. ஊருக்கு வெளியே இருந்த பெரிய ஃபர்னிச்சர் கிடங்கில் அவனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ் போகாத இடம், சொந்த வண்டி கட்டாயம். அவனிடம் இருந்தது சித்தப்பா விட்டுப்போன மோட்டார் சைக்கிள். இத்தனை வருடமாக அது மாடிப்படிக்கு அடியில் நின்று, ஈரத்துணி காயவைக்க உதவிவந்தது.

மனைவிக்கு நிறைமாதம். கடைக்கோ ஈ, காக்கா கூட வருவதில்லை. அவன் போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் கடையில் இருப்பதே இரண்டு பேர். அவன் போனால் பெரிய மெத்தையின் மறுமுனையை யார் தூக்குவார்கள்? அவன் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர் முதலாளி. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வான்?

எதிர்க்கடை மெக்கானிக் பிளக்கை மாற்றிக் கொடுத்தார். வண்டி இருமிவிட்டு ஓடியது. முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் கிழிந்த சீட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"முதுகு வலிக்காரங்க இதுல உட்கார்ந்தா முதுகே இருக்காது. நகரு."

அன்று மாலைக்குள் சீட்டின்மேல் மூன்று அடுக்கு ஃபோம் ஏறியது. மேலே கடையின் பெயர் அச்சடித்த பூப்போட்ட மெத்தைத் துணி. விற்பனையாளன் ஏறி உட்கார்ந்தான். கால் தரைக்கு எட்டவில்லை.

"பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிடலாம்" என்றார் மெக்கானிக்.

இறக்கினார். கால் எட்டியது. சைலன்ஸர் தரையில் உரசி, தெரு நாய்களையெல்லாம் எழுப்பியது. மறுபடி ஏற்றினார்கள். கடைசியில் முன்பக்க ஃபோமை மட்டும் உருவ, பின்சீட்டு சிம்மாசனம் மாதிரி உயர்ந்து நின்றது.

"எப்ப ரெடியாகும்?" என்று முதலாளி தினமும் மெக்கானிக்கைப் பிடுங்கி எடுத்தார். நம்பர் பிளேட்டைத் தானே துடைத்தார். அவர் அன்பு கூடக்கூட, அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"நாளைக்கு நல்ல சட்டையா போட்டுக்க. டாக்டர் மதிக்கணும்ல? உன் சர்டிஃபிகேட் எல்லாம் எடுத்துக்க."

"சர்டிஃபிகேட் எதுக்கு, முதலாளி?"

"ஆஸ்பத்திரியில என்னென்ன கேப்பாங்களோ! கிளம்புறப்ப நானே வந்து அம்மாவை ஏத்தி விடறேன்."

இது வேறயா? அவன் வீட்டுக்கு ஓடினான். மாமியார் நிறைந்த தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

"அத்தை, நாளைக்கு உங்களுக்கு முதுகு வலி."

விஷயத்தைக் கேட்ட மாமியார் குடத்தை இறக்கி வைத்தார். "எனக்கு என்ன வலி மாப்பிள்ளை? உங்க வாய்க்குத்தான் வைத்தியம் பாக்கணும்." ஆனாலும் மகள் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

மறுநாள் காலை அவன் வீட்டு வாசலில் முதலாளி வந்து நின்றார்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"ஆமா தம்பி, முழங்கால்..."

"முதுகு" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தான்.

"முதுகுலேருந்து முழங்கால் வரைக்கும்" என்று சமாளித்தார் மாமியார்.

முதலாளி அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "பதறாம பேசு, தம்பி. டாக்டர்கிட்டதான் சொல்றேன். கடையை நான் பாத்துக்கறேன்." அவர் கண் கலங்கியிருந்தது. அவனுக்கு அங்கேயே இறங்கி எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போல் இருந்தது. மாமியார் பின்னாலிருந்து இடுப்பில் இடித்தார். வண்டி கிளம்பியது.

பாதி வழியில் அவன் பின்னால் திரும்பினான். "அந்த மனுஷனை ஏமாத்திட்டேன், அத்தை."

"முதல்ல ரோட்டைப் பாருங்க."

கிடங்கு வாசலில் வாட்ச்மேன் கைகாட்டி நிறுத்தினார். மாமியார் சிம்மாசனத்திலிருந்து துள்ளிக் குதித்து இறங்கினார். வாட்ச்மேனின் பார்வை சீட்டின்மேல் விழுந்தது. அதிலிருந்த கடைப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"அட, அந்தத் தம்பி நீங்கதானா? உங்க முதலாளிக்கு இங்க சூப்பர்வைசர் வேலை கிடைச்சு ஒரு மாசமாச்சு. 'கடையை மூடுறேன்னு அந்தப் பையன்கிட்ட சொல்ல வாய் வரலை, அவனும் வேலை தேடித்தான் வண்டியை ரெடி பண்றான், அவனுக்குக் கிடைக்கட்டும், அடுத்த நாளே நான் வந்து வேலையில சேர்ந்துடறேன்'னு நேத்துகூட மேனேஜர்கிட்ட கெஞ்சிட்டுப் போனாரு!"