மஞ்சத்தூள் அக்காவின் மன்னிக்காத சாமிகள்

ஊவா மாகாணத்திலேயே அதிகமான சாமிகளைப் பெற்றெடுத்தவள் எங்கள் லயத்து மஞ்சத்தூள் அக்காதான். கதிர்காமம் இதே மாகாணத்தில்தான் இருக்கிறது என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். அங்கே முருகன் ஒருவர், துணைக்கு இரண்டு தேவிமார், அவ்வளவுதான். அக்காவுக்கோ சில மாதங்களில் இரட்டைப் பிரசவமே நடந்தது.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், மூச்சு வாங்க ஏறிப் போனால் எங்கள் தோட்டம். வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே ஒரு துண்டுக் காடு. அத்தி, நாவல், பெயர் தெரியாத முரட்டு மரங்கள். அந்தக் காட்டின் வயிற்றிலிருந்து ஓர் ஊற்று. அது பீலிக் குழாய் வழியாக இறங்கி வந்துதான் எங்கள் லயம் குடித்தது, குளித்தது, பிறந்ததையும் செத்ததையும் கழுவியது. காடு போனால் ஊற்றுப் போகும், ஊற்றுப் போனால் லயத்தில் மிஞ்சுவது கூரைத் தகரம்தான். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததற்காக ஞாயிற்றுக்கிழமை யார் எழுந்து போவார்கள்?

அக்கா ஆரம்பத்தில் மரியாதையாகத்தான் கூப்பிட்டுப் பார்த்தாள். கொழுந்து பறிக்கிறவள், நாற்பது தாண்டியவள், புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாள். சனிக்கிழமை சாயந்தரம் ஒவ்வொரு வீட்டு அறையாக, காம்பரா காம்பராவாக ஏறி இறங்குவாள். "நாளைக்கு ஊத்தத் தூர் வாரணும். மேக்கால கன்னு நடணும். வீட்டுக்கு ஒரு ஆள் வாங்கப்பா." ஒருவரும் போகவில்லை. சங்கத் தலைவரிடம் போனாள். ஒருநாள் கூலியைத் தோட்டத்தில் 'பேர்' என்போம்.

"பேர் போடுவாங்களாக்கா?" என்றார் தலைவர்.

"தண்ணி வரும்டா."

"அது பேர் போடாமலே வருதே!"

லயமே சிரித்தது. அக்கா கீழே இறங்கிப் போனாள். அடுத்த வாரம், ஊற்றங்கரை அத்தி மரத்தடியில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் அங்கே இல்லாத கல். உடம்பெல்லாம் மஞ்சள், நெற்றியில் குங்குமம், பார்வையில் கோபம். கல்லுக்கு எப்படிப் பார்வை என்று கேட்காதீர்கள். இருந்தது.

"கனவுல வந்தாரு" என்றாள் அக்கா. "ஊத்துமுனியாம். ஞாயித்துக்கெழம வராத வீட்டு நம்பரையெல்லாம் வெவரமாக் கேட்டாரு. நான் இன்னும் சொல்லல."

சந்தேகப்பட எங்களுக்கு வழியே இல்லை. தோட்டத்தில் சாமிகள் அப்படித்தான் வரும். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் சக்கரத்துக்கு ரோதைமுனி. நான் வேலை செய்த, தேயிலைச் செடியைக் கழித்துவிடும் கவ்வாத்துக் கூட்டத்தில், கத்தியைத் தேயிலையில் வைக்கும் முன் ஒரு கல்லை நட்டு, கவ்வாத்துசாமி என்று விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் மலையில் ஏறுவோம். கல் சாமியாவதற்குக் கொஞ்சம் மஞ்சளும் கொஞ்சம் பயமும் போதும். எங்களிடம் பயத்துக்குப் பஞ்சமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயம் முழுவதும் மண்வெட்டியோடு ஊற்றங்கரையில் நின்றது. சங்கத் தலைவர் முதல் வரிசையில்.

அதன்பிறகு அக்காவை நிறுத்த முடியவில்லை. நாவல் மரத்தடியில் சவக்காரசாமி பிறந்தார். ஊற்றில் சவக்காரம் போட்டுத் துணி துவைத்தால் அவருக்கு ஆகாது. பீலிக்குப் பக்கத்தில் குப்பைமாடன். வாய்க்காலோரம் நின்றபடி ஒதுங்கும் ஆம்பிளைகளுக்கென்றே ஒரு சாமி. அவருக்குப் பெயர் கிடையாது. ஆனால் நாங்கள் அவருக்குத்தான் அதிகம் பயந்தோம். அவர் எதை வாங்கிக்கொள்வார் என்பதை அக்கா பெண்கள் முன்னால் சொல்லமாட்டாள், அதனால் பயம் இன்னும் கூடியது.

பூசை நாளில் அக்காவுக்கு அருள் வரும். தலைமுடி பறக்கும், மஞ்சள் பறக்கும், வார்த்தை மட்டும் குறி தப்பாது.

"டேய், மேல் லயத்துக் கடைசிக் காம்பரா! கோழிக் குடல எங்காலடியில எறிஞ்சவன் நீதானடா?"

"தெரியாமச் செஞ்சிட்டேன் சாமி!"

"கோழி திங்கத் தெரிஞ்சிச்சில்ல? குழி வெட்டத் தெரியாதா?"

ஒரு முறை நான் பீடித்துண்டை ஊற்றில் போட்டேன். மூன்று நாள் கழித்து, சாமி என் பெயரைச் சொல்லி, பீடியின் மார்க்கையும் சொன்னது. அன்றிலிருந்து இன்றுவரை நான் ஓடும் தண்ணீரில் துப்பியதுகூட இல்லை.

இந்தச் சாமிகளுக்கு ஆடு, கோழி வேண்டாம். நேர்த்திக்கடன் ஒரு மரக்கன்று, அதன் காலடிக்கு ஒரு கூடை சாணி. அவ்வளவுதான். மலிவான சாமி என்று பக்கத்து டிவிசனிலிருந்துகூட ஆட்கள் நேர்ந்துகொண்டு வந்தார்கள். கன்றுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்காதீர்கள். தோட்டத்து நாற்றுமேடைக் காவலுக்குக் கண்டாக்கையா, அதாவது எங்கள் எல்லோருக்கும் மேலான வெளிக்கள அதிகாரி, இரண்டு முறை ஆள் மாற்றினார். இரண்டாவது காவல்காரனுக்கும் பிள்ளை வரம் வேண்டியிருந்தது.

பெரிய சிக்கல் மஞ்சள்தான். வெளிநாட்டுச் சாமான் எல்லாம் நின்றுபோயிருந்த காலம். பதுளைக் கடைத்தெருவில் அக்கா வாடிக்கையாகப் போகும் முஸ்லிம் முதலாளி, அவள் தலையைக் கண்டதுமே கையை விரிப்பார்.

"வாங்கக்கா. கறிக்கே மஞ்சள் இல்ல, ஒங்கட சாமிமாருக்கு நான் எங்க போக?"

"கறி இல்லாம இருந்துக்கலாம் மொதலாளி. தண்ணி இல்லாம இருந்துக்கலாமா?"

"அதுக்கு ஏன் மஞ்சள்?"

அக்கா குரலைத் தாழ்த்துவாள். "வெறுங்கல்லுக்கு எவனும் பயப்படமாட்டேங்கிறானே."

அவர் வாய்விட்டுச் சிரித்து, உள்ளே போய், வீட்டுச் சமையலுக்கு வைத்திருந்ததில் ஒரு சுருள் கட்டிக்கொடுப்பாராம். இது பிற்பாடு அவர் வாயால் கேட்டது.

பிறகு எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. ஸ்டோர் அடுப்புக்கு விறகு வேண்டும், ஊற்றுக் காட்டை வெட்டு என்று துரை உத்தரவு போட்டார். மரம் வெட்டும் கூட்டம் காட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. உள்ளே காலை வைக்க ஒருவனுக்கும் தைரியமில்லை. கோபத்தோடு கண்டாக்கையாவே கோடாரியை வாங்கிக்கொண்டு வந்தார். அத்தி மரத்தடியில் அக்கா முடியை அவிழ்த்துவிட்டு நின்றாள்.

"வாடா! ஒம் மூத்த பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிக்கிட்டே போகுதே, ஏன்னு தெரியுமாடா?"

கண்டாக்கையாவின் கோடாரி தானாகத் தாழ்ந்தது. "ஏ... ஏன் சாமி?"

"எனக்கு நெழல் பத்தல."

மறுநாள் நாற்றுமேடையிலிருந்து ஒரு கூடை கன்று, அவர் செலவில், ஆள் தலையில் ஏறி வந்தது. துரைக்கு அவர் என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது. வேறு மலையில் கருப்பந்தேயிலை என்னும் யூகலிப்டஸ் மரம் வெட்டினார்கள்.

ஒன்றே ஒன்று. அக்கா பெற்ற சாமிகளுக்கு மன்னிக்கத் தெரியாது. மற்றச் சாமிகள் ஒரு கட்டிக் கற்பூரத்தில் மனசு இளகும். அக்காவின் சாமிகளிடம் அது நடக்காது. கிளை முறித்தவன் குடும்பத்தோடு வந்து கல்லின் முன்னால் உட்கார வேண்டும். விளக்கு வைக்கும்வரை பச்சைத் தண்ணீர் வாயில் படக்கூடாது, எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் குடும்பத்தில் ஒரு தலை போகும். இப்படி ஒரு சட்டத்தை வைத்துத்தான் அவள் அந்தக் காட்டை நிறுத்தி வைத்திருந்தாள்.

அப்புறம் பட்டினி வந்தது. எழுபதுகளில் அந்தத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு எப்படி விளக்குவது? கூப்பனுக்குக் கோதுமை மா இல்லை, வேலை நாள் குறைந்தது, மரவள்ளிக்கிழங்கும் முடிந்து கீரைக்குக் காட்டுக்குப் போனோம். ஊற்றுப் பூசைக்குக் கடலை அவித்துக் கொடுத்த அக்கா, பிறகு கிழங்கு கொடுத்தாள், பிறகு மஞ்சள் தண்ணீர் கொடுத்தாள். அதையும் வரிசையில் நின்று குடித்தோம். சாவுத் தப்பு மேளத்தின் சத்தம் மலைக்கு மலை பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அக்காவின் அடுத்த காம்பரா செல்லமுத்து. மூன்று நாள் அடுப்பு எரியாத வீடு. அவன் அத்தி மரத்தில் ஒரு பெரிய கிளையை வெட்டி, கட்டாகக் கட்டி, பசறையில் விறகாக விற்று, கிழங்கு வாங்கி வந்தான். அன்றே அவன் மகளுக்கு, மூன்று வயது இருக்கும், வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் பிள்ளையின் கண் குழிக்குள் போய்விட்டது.

தோட்டத்து மருந்துக்கார ஐயா வந்து பார்த்தார். "பதுளை ஆஸ்பத்திரியில ஊசி வழியாத் தண்ணி ஏத்துனாத்தான் பொழைக்கும். இங்க அது இல்ல. பகல் கொழுந்து லொறியில ஏத்துங்க. அதுக்கப்புறம் இன்னைக்கி லொறி இல்ல" என்று கத்தினார்.

செல்லமுத்துவும் அவன் மனைவி பாக்கியமும் லொறிக்குப் போகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊற்றங்கரைக்குப் போய், ஊத்துமுனி முன்னால் கிடத்தி, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பிள்ளை வாயில் விடவில்லை. லயமும் பின்னால் வந்து கைகட்டி நின்றது.

கொழுந்து மலையிலிருந்து அக்கா கூடையோடு ஓடி வந்தாள். "எந்திரிங்க! லொறி போயிரும்!"

"வெளக்கு வைக்கலக்கா" என்றான் செல்லமுத்து.

அக்கா கூடையை எறிந்தாள். முடியை அவிழ்த்தாள். ஆடினாள். நான் அதுவரை பார்க்காத ஆட்டம். "நான் மன்னிச்சிட்டேன்டா! ஊத்துமுனி சொல்றேன், தூக்கிக்கிட்டுப் போ! புள்ளைக்குத் தண்ணி குடு!"

செல்லமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தான். பணிவாகத்தான் சொன்னான். "நீங்க எங்க மேல எரக்கப்பட்டுச் சொல்றீங்கக்கா. சாமி இப்படிப் பேசாது. சாமி பேசி நான் கேட்டிருக்கேன்."

ஆட்டம் நின்றது. கீழே ரோட்டில் லொறி ஹோர்ன் அடித்தது.

அக்கா குனிந்து ஊத்துமுனியை இரண்டு கையாலும் பிடுங்கினாள். "இது சாமி இல்லடா, கல்லு! ஆத்துல கெடந்த கல்லு! நாந்தான் மடியில கட்டித் தூக்கிக்கிட்டு வந்தேன். மஞ்சத்தூள் பதுளையில வாங்கினது!" பள்ளத்தில் வீசினாள். அது உருண்டு போகும் சத்தம் கேட்டது. கூட்டம் அலறிப் பின்வாங்கியது. "அய்யோ, இனிச் சாமி புள்ளைய விட்டு வைக்காதுக்கா!" என்று பாக்கியம் மண்ணில் விழுந்தாள். உண்மை சொன்னால் பயம் போகும் என்று யார் சொன்னது? அது கூடியது.

அப்போதுதான் அக்கா, லயத்தோடு வந்து நின்ற மரம் வெட்டும் கூட்டத்தில் ஒருவனிடமிருந்து கோடாரியைப் பறித்தாள். "வெட்டுனவங்கள அடிக்கிற சாமின்னா என்னைய அடிக்கட்டும். ஒம் புள்ள வெட்டல. நான் வெட்டுறேன். பாத்துக்க!"

அத்தியின் அடிமரத்தில் இறக்கினாள். ஒரு வெட்டோடு நிற்கவில்லை. பால் வடிந்து முழங்கைவரை வழிய வழிய வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் "எங்கடா சாமி? எங்க?" என்று கேட்டாள். வாய் கோணவில்லை. ரத்தம் கக்கவில்லை. அழுதாள், அவ்வளவுதான்.

பாக்கியம்தான் முதலில் எழுந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை, பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஓடினாள். லொறி நின்றிருந்தது. மருந்துக்கார ஐயா சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாராம்.

பிள்ளை பிழைத்தது. காடு பிழைக்கவில்லை. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டிலேயே, கண்டாக்கையா காட்டை வெட்டும் உத்தரவைப் படித்தார். செருப்போடு உள்ளே போனார்கள். ஒரு மாதத்தில் நாவல், அத்தி, பெயர் தெரியாதவை எல்லாம் ஸ்டோர் புகைபோக்கி வழியாக மலையைத் தாண்டிப் போயின. வெயில் ஏற ஏற ஊற்று நூலாக மெலிந்தது. பெண்கள் கீழ் ஆற்றுக்குக் குடம் எடுத்துப் போனார்கள். அந்தத் தண்ணீர் எடுத்துக்கொண்ட பிள்ளைகளின் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை.

லயம் அக்காவை மன்னிக்கவில்லை. மரம் போனதற்காக அல்ல, ஏமாற்றியதற்காக. சங்கத் தலைவர் நடுவாசலில் நின்று கத்தினார்: "குச்சி முறிச்சதுக்கு ஒரு பகல் முழுக்க என்னையப் பட்டினி போட்டீல்ல? அந்தச் சோத்தத் திருப்பிக் குடு!" யார் வீட்டிலும் சோறு இல்லாத நாளில் கேட்டார். அக்கா மட்டும்தான் சிரித்தாள்.

அவள் மறுபடியும் சனிக்கிழமைகளில் காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினாள். "நாளைக்கு ஊத்துக்குக் கன்னு நடணும், வாங்கப்பா." சாமி இல்லை, கனவு இல்லை, வீட்டு நம்பர் இல்லை. கதவுகள் சாத்திக்கொண்டன. மொட்டை மேட்டில் தனியாக மண்வெட்டி போட்டுக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விறகு பொறுக்கப் போனபோது, பாக்கியம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் நிற்பதைக் கண்டேன்.

"சாமி இல்லன்னு தெரியும்ல?" என்றாள் அக்கா.

"தெரியும்க்கா. மம்பட்டியக் குடுங்க."

பிள்ளையை என்னிடம் நீட்டினார்கள். அதனால் நானும் அங்கே நிற்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரமும் போனேன். எப்போதாவது இன்னும் ஒருவர், இருவர் வருவார்கள். அதற்கு மேல் கூட்டம் சேரவேயில்லை.

கன்றுகள் முழங்கால் உயரம் வந்தபோது, இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி அக்காவுக்கு இந்தியாவுக்குப் போகும் காகிதம் வந்தது. பிறந்தது இந்த மலையில், போகச் சொன்ன ஊரை அவள் கண்ணால் கண்டதில்லை. பதுளை ஸ்டேஷனில் கோச்சி புறப்படும்போது மேடை முழுவதும் ஒரே அழுகை. அக்கா மட்டும் ஜன்னலில் தலையை நீட்டி எங்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கெழம ரெண்டு பேராச்சும் போங்கடா! வெயில் காலத்துல காலடிக்கு எல தழ போட்டு மூடுங்கடா!" கோச்சி வளைவில் திரும்பும்வரை கேட்டது.

அங்கே எந்த ஊரில் இறக்கிவிட்டார்களோ, கடிதம் ஒன்றும் வரவில்லை. அவள் சும்மா இருந்திருக்கமாட்டாள். அங்கேயும் ஏதாவது குளமோ வாய்க்காலோ இருந்திருக்கும், சனிக்கிழமை சாயந்தரம் வீடு வீடாக ஏறி இறங்கியிருப்பாள். அந்த ஊரில் யாராவது ஒருவர் கதவைத் திறந்து, "வாறேன்க்கா" என்று சொல்லியிருக்க வேண்டும்.