அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று நான் செய்த வீட்டுப்பாடம்

அக்காவின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தவள் என்று எனக்கு வீட்டில் ஒரு பெயர் உண்டு. பொய் இல்லை. ஆனால் கெடுக்கப் பார்த்தது என் பாடத்திட்டம். நான் வெறும் மாணவி.

புனேயில் தகவல் தொடர்பியல் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் நீளம், அதனால் அந்தப் படிப்பு எளிது என்று நினைத்துச் சேர்ந்தேன். (முதல் பாடமே வாயை மூடிக்கொண்டு கேட்பது எப்படி என்பது. அன்றே ஓடி வந்திருக்க வேண்டும்.) எதிரில் இருப்பவர் சொன்னதை நம் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டேனா என்று கேட்க வேண்டுமாம். அதை வீட்டில் செய்து பார்த்து இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார் மேடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாப்பிள்ளை கார்த்திக், கோயம்புத்தூரிலிருந்து வந்த தன் அப்பா அம்மாவோடு, புனேயின் வாகட் பகுதியில் இருந்த எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார். பெண் பார்ப்பதெல்லாம் ஒப்புக்கு. அக்காவும் கார்த்திக்கும் ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்கில் ஒரே கம்பெனி, போய்வர ஒரே கேப். டிராஃபிக்கிலேயே காதலித்து முடித்திருந்தார்கள். அக்காவுக்கு இருந்தது ஒரே பயம். புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"வேலைய விடச் சொன்னா என்னடி பண்றது?"

கார்த்திக்கிடம் கேட்டால், அம்மா வந்ததும் பேசிக்கலாம் என்கிறாராம். முதல் நாளே எதையும் கேட்டு வைக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. நான் வாயையே திறக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

கேசரி, மொறுமொறுவென்று புனே பாகர்வடி, காபி எல்லாம் வந்தன. கார்த்திக்கின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எங்களுக்கு எதும் வேண்டாமுங்க. பொண்ணு வேலைக்குப் போயித்தான் ஆகோணும்னுகூட இல்லீங்க."

என் அப்பா அம்மா இருவரும் சிரித்தார்கள். அக்காவின் முகம் செத்துப்போனது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் பாடப்படி முன்னால் சாய்ந்து, கண்ணைப் பார்த்து, மென்மையாகக் கேட்டேன்.

"அதாவது ஆன்ட்டி, அக்கா வேலைய விட்டுட்டு வீட்ல உங்களுக்குச் சமைச்சுப் போடணும்ங்கிறீங்க. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

கேட்டபின் அமைதி காக்க வேண்டும் என்பதும் பாடம். காத்தேன். எல்லோரும் காத்தார்கள். கார்த்திக் வாயில் போட்ட பாகர்வடியைக் கடித்தால் சத்தம் வருமே என்று அப்படியே வைத்திருந்தார். அவருடைய அப்பா பெரிய மனதோடு, சின்னப் பிள்ளை தெரியாமல் பேசுகிறது என்றார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நான் பேசினது உங்களுக்குப் பிடிக்கல, மரியாதைக்குச் சின்னப் பிள்ளைங்கிறீங்க. சரியா அங்கிள்?"

என் அப்பா எழுந்துவிட்டார். அடித்திருப்பார். கார்த்திக்கின் அம்மா காபியைக் கீழே வைத்தார்.

"இல்ல கண்ணு. நீ சரியாப் புரிஞ்சுக்கல."

பிறகு அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"நான் முப்பது வருஷம் டீச்சர் வேலை பாத்தவ. இவன் வயித்துல இருந்தப்ப உடம்புக்கு முடியல. ஒரு மாசம் லீவு போடறேன்னேன், சம்பளம் போயிரும்னு எங்க வீட்டுல விடல. உனக்கு அப்படி ஆகக் கூடாதுன்னுதான் சொன்னேன் சாமி. போறதும் நிக்கறதும் உன்ற இஷ்டம்."

அக்கா கேசரித் தட்டோடு அழுதாள். அங்கிள் தரையைப் பார்த்தார். இதை நீ என்னிடம் சொன்னதே இல்லையே என்றார் கார்த்திக்.

"யாருடா கேட்டீங்க?" என்றார் ஆன்ட்டி.

அன்றே தேதி குறித்தார்கள். வீட்டுப்பாடத்தில் எனக்குப் பத்துக்கு மூன்று. அவர் சொன்னதை நீ கேட்கவில்லை, உன் கோபம் சொன்னதைக் கேட்டிருக்கிறாய் என்று மேடம் எழுதியிருந்தார். சண்டைக்குப் போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை.

இப்போதும் அக்கா வேலைக்குப் போகிறாள். ஆன்ட்டி புனே வந்தால் கடைக்கு அனுப்ப என்னைத்தான் கூப்பிடுவார். கறிவேப்பிலை, அரைக் கிலோ ரவை என்று சொல்லிவிட்டு, கூடத்தில் எல்லோரும் கேட்கும்படி, "எங்க கண்ணு, நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு பாக்கலாம்" என்பார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். அந்த அம்மாள் இன்றுவரை ஒருமுறைகூடச் சரி என்று சொன்னதில்லை.