லூசியாவின் கசற்றும் இரண்டு இடைப்பெட்டிகளும்

உலகத்தில் ஒலி என்று ஒன்று உண்டான நாள் தொட்டு, அதற்கு ஒழுங்கான மரியாதை கிடைத்தது ஒரேயொரு இடத்தில்தான். 1988ஆம் ஆண்டு, பங்குனி தொடங்கி ஆனி வரை, மன்னார்த் தீவில், கீரிக் கடற்கரைக்குக் கிட்ட, திருவாளர் சந்தியோகு அவர்களின் வீட்டு விறாந்தையில். ஸ்ரீரியோ செய்கிற ஜப்பான்காரன் இதைக் கேள்விப்படாமல் போனது அவனுடைய கெட்ட காலம்.

சந்தியோகு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தலைமைக் கிளாக்கர். சண்டை தொடங்கின பிறகு, சனம் மனுவோடு வந்த நாளில் கந்தோர்ப் பெரியவர் இருக்கமாட்டார், பெரியவர் வந்த நாளில் ஊரடங்கு, வேலை நடக்காது. ஆகவே அவருடைய நிர்வாகத் திறமை முழுவதும் வீட்டிலிருந்த ஸ்ரீரியோப் பக்கம் திரும்பிவிட்டது. அவரிடம் கசற் பெட்டி இருந்தது, அம்பிளிபயர் இருந்தது, அலுமாரி உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தன. இடையில் ஒன்று மட்டும் குறைந்தது.

கசற்றிலிருந்து வருகிற சத்தம் மெலிந்தது. அதை வாங்கித் தேற்றி அம்பிளிபயருக்கு அனுப்ப ஒரு பெட்டி வேண்டும். பிரீ அம்ப் என்பார்கள். சந்தியோகு அதற்கு ‘இடைப்பெட்டி’ என்று தமிழ்ப் பெயர் வைத்தார்.

“கந்தோரில நான் செய்யிற வேலைதான்,” என்று வருகிறவர்களுக்கு விளங்கப்படுத்துவார். “சனம் தாற மனுவை வாங்கி மேலிடத்துக்கு அனுப்புறது. இடையில இருக்கிறவன் சரியில்லையெண்டால் மனு போய்ச் சேராது.”

கைக்கு எட்டின விலையில் அகப்பட்டவை இரண்டு. ஒன்று கண்ணாடிக் குழாய்கள் எரிகிற வால்வுப் பெட்டி. றேடியோ திருத்துகிற தோமஸ் பழைய றேடியோக்களின் வயிற்றைக் கிழித்துச் செய்தது. மற்றது ரான்சிஸ்ரர் பெட்டி. கலியாண வீடுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற நுஃமான் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க, சந்தியோகு தலைமையில், தோமசும் நுஃமானும் சேர, மூவர் கொண்ட ‘ஒப்பீட்டுக் குழு’ நிறுவப்பட்டது. கூட்டக் குறிப்புக்கு, அதாவது மினிற்ஸ் எழுத, ஒரு கொப்பியும் வாங்கப்பட்டது.

அந்த வாரந்தான் ஜேர்மனியிலிருந்து லூசியாவின் கசற் வந்தது.

லூசியா சந்தியோகுவின் ஒரே மகள். போய் இரண்டு வருசம். கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் கதைத்து அனுப்புவது அப்போது எல்லா வீட்டிலும் வழக்கம். மற்ற வீடுகளில் பார்சலைப் பிரித்த கையோடு போட்டுக் கேட்டு, அழுது, மூக்கைச் சிந்தி, சோறு சமைக்கப் போய்விடுவார்கள். சந்தியோகு அப்படிப்பட்ட நாகரிகமில்லாத மனிதர் அல்ல.

“பிள்ளையின்ர குரலை முதல்முதல் கேக்கிறது சரியான பெட்டியில கேக்கவேணும்,” என்றார். “பரீட்சைக்குக் கசற்றின்ர முதல் நாப்பது செக்கன் மட்டும். மிச்சம் வெண்ட பெட்டியில.”

“நாப்பது செக்கனில என்னத்தை விளங்கும்?” என்று கேட்டாள் மனைவி றஞ்சிதம்.

“விளங்கிறதுக்கில்லை. கேக்கிறதுக்கு.”

கறண்ட் பின்னேரம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வந்த முதல் நாள் குழு கூடியது. வால்வுப் பெட்டி சூடேறக் காத்திருந்து கசற்றைப் போட்டார்கள்.

“அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் லூசியா கதைக்கிறன். நான் சுகம். இஞ்ச சரியான குளிர். ரெண்டு சோடி மேஸ் போட்டும் கால் விறைக்குது. அப்பா, ஒரு முக்கியமான விசயம்...”

டக். சந்தியோகு நிற்பாட்டினார். வயரை மாற்றி, கசற்றைப் பின்னுக்குச் சுற்றி, ரான்சிஸ்ரரில் அதே நாற்பது செக்கன். டக்.

“வால்வில அந்தக் குளிர்கூட இதமாக் கேக்குது, அண்ணை,” என்றார் தோமஸ்.

“குளிர் எண்டால் குளிராக் கேக்கவேணும்,” என்றார் நுஃமான். “ரான்சிஸ்ரரில எனக்குக் காலே விறைச்சுப்போச்சு.”

பங்குனி வெயிலில் மூவருக்கும் சேர்ட் முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

“அந்த ‘முக்கியமான’ எண்ட சொல்லு,” என்று சந்தியோகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், “வால்வில பழுத்து விழுது. ரான்சிஸ்ரரில நறுக்கெண்டு விழுது.”

“என்ன முக்கியமான விசயமாம்?” என்று கதவடியில் நின்ற றஞ்சிதம் கேட்டாள்.

“அது பரீட்சைப் பகுதிக்கு வெளியில.”

ஆய்வுக்கு இடையூறுகள் வராமலில்லை. ஒருநாள் தோமஸ் வால்வுப் பெட்டியைச் சைக்கிளில் திருத்தக் கொண்டுபோகையில், அமைதிப்படைச் சென்றியில் மறித்துவிட்டார்கள். தமிழ் தெரிந்த இந்தியச் சிப்பாய் ஒருவன் கண்ணாடிக் குழாய்களை உற்றுப் பார்த்தான்.

“என்னய்யா இது? வெடிக்குமா?”

“வெடிக்காது, சேர். குரலுக்கு இதம் குடுக்கும்.”

சிப்பாய் தோமசின் முகத்தையும் ஒருமுறை உற்றுப் பார்த்து, பரிதாபப்பட்டுப் போகவிட்டான்.

பிறகு ஈஸ்ரருக்கு முந்தின பெரிய கிழமை வந்தது. பக்தி காரணமாகக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அது முடிய நோன்பு தொடங்கியது. வெறும் வயிற்றில் தன்னுடைய காதை நம்பமுடியாது என்று நுஃமானே நேர்மையோடு அறிவிக்க, நோன்புப் பெருநாள் வரை மறுபடியும் ஒத்திவைப்பு. கசற் பூட்டின அலுமாரிக்குள். பூட்டின் திறப்பு சந்தியோகுவின் அரைஞாணில்.

“இஞ்சருங்கோ,” என்றாள் றஞ்சிதம் ஒருநாள். “திறப்பைத் தாங்கோ. முன்வீட்டுச் சிவலட்சுமியின்ர சின்னப் பெட்டியில போட்டுக் கேட்டிட்டு ஓடிவாறன்.”

சந்தியோகு நெஞ்சில் கை வைத்தார். “பெத்த பிள்ளையின்ர குரலை ஒத்தை ஸ்பீக்கரிலயோ?”

“எனக்கு ஒரு காது போதும்.”

அவர் திறப்பைக் கொடுக்கவில்லை. உள்ளதைச் சொல்லவேணும்: மனுசனுக்குப் பயம். இரண்டு வருசத்தில் வாறன் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை, ‘முக்கியமான விசயம்’ என்கிறாள். இனி வரமாட்டன் என்பதைத் தவிர அது வேறென்னவாக இருக்கும்? டக் என்று நிற்பாட்டும்வரை அவள் இன்னும் திரும்பி வருகிற பிள்ளைதான். அந்த நாற்பது செக்கனுக்குள் அவர் நாலு மாதம் குடியிருந்தார். வெளியில் அதற்குப் பேர் ஒலி ஆய்வு.

பெருநாள் முடிந்து ஐந்து கூட்டம் நடந்தது. மினிற்ஸ் கொப்பி பாதி நிறைந்தது. ‘குளிர்’ பற்றி ஒன்பது பக்கம், ‘மேஸ்’ பற்றி நாலு பக்கம்.

ஆனி நடுவில் இரண்டாவது கசற் வந்தது. பின்னேரம், கறண்டும் இருந்தது, குழுவும் இருந்தது. பார்சலைப் பிரித்த றஞ்சிதம் மட்டையில் லூசியாவின் கையெழுத்தை வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள்.

“என்ர கலியாணம் எண்டு எழுதியிருக்கு,” என்றாள். “ஆரோட கலியாணம்? எப்ப?”

அவளே எழும்பிப் போய்க் கசற்றைப் போட்டாள். வால்வு சூடேறும்வரை பொறுத்தாள்.

கோயில் மணி கேட்டது. பாட்டு முடிந்தது. பாதர் ஒருவர் பேசினார். “இப்ப மணமகளின்ர தகப்பனார் ஊரிலயிருந்து கசற்றில அனுப்பின ஆசீர்வாதத்தைக் கேப்பம்.”

பிறகு லூசியாவின் குரல், மெல்ல: “இன்னும் வரேல்ல, பாதர். தபால் பிந்துது போல.”

பிறகு ஒன்றுமில்லை. ஆரோ செருமுகிற சத்தம். கதிரை ஒன்று நிலத்தில் உரசியது. வெகுநேரம் கழித்துத்தான் அடுத்த பாட்டுத் தொடங்கியது.

றஞ்சிதம் கையை நீட்டினாள். சந்தியோகு திறப்பை அவிழ்த்துக் கொடுத்தார். அவள் முதல் கசற்றை எடுத்துப் போட்டாள். குளிர் வந்தது, மேஸ் வந்தது. ஒருவரும் நிற்பாட்டவில்லை.

“அப்பா, ஒரு முக்கியமான விசயம். வைகாசி இருபத்தெட்டு எனக்குக் கலியாணம். நீங்கள் ரெண்டுபேரும் வரேலாது எண்டு தெரியும். உங்கட குரலில ஒரு ஆசீர்வாதம் பேசி அனுப்புங்கோ, கோயிலில போடுவம். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அடுத்த வருசம் அவரையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வாறன்.”

வாறன் என்றுதான் சொன்னாள். சந்தியோகு விறாந்தைப் படியில் போய்க் குந்தினார்.

கையை என்ன செய்வதென்று தெரியாத நுஃமான், பழக்கத்தில் கலியாணக் கசற்றை மறுபடி போட்டு, வயரை ரான்சிஸ்ரருக்கு மாற்றிவிட்டார். “தபால் பிந்துது போல.” பிறகு அதே வெறுமை, அதே செருமல், அதே கதிரை.

“இதில,” என்றார் தோமஸ், நிலத்தைப் பார்த்தபடி, “எனக்கு வித்தியாசம் தெரியேல்ல.”

“எனக்கும் இல்லை,” என்றார் நுஃமான். நாலு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விசயம் அது.

“முடிவு எழுதேல்லையோ?” என்று கேட்டாள் றஞ்சிதம். கொப்பியைக் கொண்டுவந்து புருசனின் மடியில் வைத்தாள்.

சந்தியோகு பேனையைத் திறந்தார். கந்தோரில் இருபத்தாறு வருசம் எழுதின அதே உருண்டைக் கையெழுத்தில், ஒரு வெட்டுமில்லாமல் எழுதினார்:

‘வால்வு, ரான்சிஸ்ரர் இரண்டும் நல்ல நிலையில் உள்ளன. மனு பங்குனியிலேயே கிடைத்தது. மேலே அனுப்பப்படவில்லை. கோளாறு இடைப்பெட்டியில்.’

கீழே தன் பெயரை எழுதி, பதவியையும் எழுதி, ஒப்பம் வைத்தார்.