பணிமனைக்கு வந்த புகை ஞானி

பேருந்துப் பணிமனையில் அன்று நிற்க இடமில்லை. இருமுகிற பிள்ளையைத் தூக்கி வந்தவர்கள் பாதி. இருமல் வருமோ என்று பயந்து வந்தவர்கள் மீதி. நடுவில், எண்ணெய்க் கறை படிந்த தரையில் வெள்ளை விரிப்புப் போட்டு அமர்ந்திருந்தார் புகை ஞானி.

அவருடைய கருவி, கயிற்றில் தொங்கும் ஒரு பித்தளைக் குண்டு. அதைப் புகைக்குழாய் முன்னால் பிடிப்பார். ஆடினால் அந்தப் பேருந்து நஞ்சு; ஆடாவிட்டால் தங்கம். எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் பிடிப்பார். ஓடும் எஞ்சின் ஞானத்தைக் கலைத்துவிடுமாம். எவ்வளவு டீசல் குடிக்கிறது, எத்தனை பேரைச் சுமக்கிறது என்ற தொல்லையெல்லாம் குண்டுக்குக் கிடையாது. நஞ்சு முறியக் கறுப்பு மணி விற்றார். வாங்கிக் கட்டினார்கள். பிள்ளைகள் மணியோடு இருமின.

பணிமனை மேலாளர் படித்தவர். பட்டம் சுவரில் தொங்கியது. குண்டும் தொங்குகிறதே, நம்பிவிட்டார்.

மேட்டுத்தெருப் பேருந்துக்குக் குண்டு ஆடியது. சலவை ஆலைப் பெண்களைத் திணித்துக்கொண்டு போகும் வண்டி.

"நாளையிலேர்ந்து இது ஓடக் கூடாது!" என்றார் ஞானி. மேலாளர் தலையாட்டினார்.

"அப்ப நாங்க எப்படிப் போறது சார்? லேட்டா போனா வேலையே போயிடும்!" கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள் ஒரு சலவைக்காரி. "ஆளுக்கொரு வண்டி புடிச்சுப் போனா, அந்தப் புகைய உங்க குண்டு குடிச்சிருமா?"

"ஞானிய எதுத்துப் பேசாதம்மா, நாக்கு இழுத்துக்கும்," என்றார் ஒரு பெரியவர்.

"இழுத்தா துவைச்சுக் காயப்போட்டுக்கறேன், போங்க."

அங்கே மெக்கானிக்காக இருந்தவர் அவளுடைய அக்கா கணவர். அவரிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பினாள். "சாமி, ஓரமா தார்ப்பாய் மூடி ஒரு வண்டி நிக்குது. எந்த வண்டின்னு சொல்ல மாட்டோம். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

ஞானி பிடித்தார். குண்டு ஆடிய ஆட்டத்தில் கயிறு அறுந்துவிடும் போலிருந்தது.

"ஐயோ, இதான் எமன்! உள்ள எஞ்சின் கனலாக் கக்குது!"

தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். மணி வியாபாரம் சூடுபிடித்தது.

"அத்தான், தூக்குங்க."

மெக்கானிக் தார்ப்பாயை உருவி எஞ்சின் மூடியைத் தூக்கினார். எஞ்சினைப் பழுதுபார்க்கக் கழற்றி மாதம் ஒன்றாகிறது. அது இருந்த குழியில் பூனை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

"கனல் கக்குறது இவர்தான் போல," என்றார் மெக்கானிக்.

"அது... பழைய புகையோட ஆவி," என்று ஞானி கயிற்றைச் சுருட்டினார்.

"இருங்க சாமி. உங்க கைய விட்டுட்டு இந்தக் கம்பில கட்டுவோம். ஆவி ஆட்டட்டும்."

கட்டினார்கள். குண்டு செத்த பல்லி மாதிரித் தொங்கியது. கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் ஞானி கேட்டைத் தாண்டியிருந்தார்.

பிறகு, ஓடுகிற வண்டிகளின் எஞ்சினை ஓடவிட்டு, புகை அளக்கும் நிஜக் கருவி வைத்து அளந்தார்கள். மேட்டுத்தெரு வண்டி புகைவிட்டது உண்மைதான். ஆனால் ஏறிய தலைகளுக்கு அதைப் பங்கிட்டால், மேலாளர் தனியாக வந்திறங்கும் கார் அதைவிடக் கறுப்பு. மறுநாளும் வண்டி ஓடியது. பெண்கள் வேலைக்குப் போனார்கள்.

குழாயில் வரும் புகையை அளக்கக் கருவி இருக்கிறது. கயிற்றில் எது தொங்கினாலும் கும்பிடுகிறவன் மூளையை எதைக் கொண்டு அளப்பது? அவனே ஒருமுறை அதை ஓடவிட்டுப் பார்த்தால்தான் உண்டு.